முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்: பழைய ஜீப்புக்குப் பாகம் வாங்கிய அனுபவம்

பழைய ஜீப்புக்குப் பாகம் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாடல், எந்த வருஷம்?" என்பதுதான். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நாம் சொல்லும் பதில் பாதி நேரம் உதவாது. வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் அந்தப் புத்தகத்துக்குத் தெரியும். அதற்கப்புறம் முப்பது வருஷம் அது எந்தெந்தப் பட்டறையில் நின்றது, பின் ஆக்சில் (இரண்டு பின் சக்கரத்தையும் சுற்றும் அச்சு) ஏலத்தில் எடுத்த எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னுடையது மஹிந்திரா எம்.எம். 540. பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின், 2112 சி.சி., நாலு கியர். ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த வண்டி, அங்கிருந்துதான் எனக்கு வந்தது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடு, அதற்கு ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது, தேவையே இல்லை. மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் பிரியும் கல் பாதைதான் வண்டியைச் சோதிக்கும். மழைக்காலத்தில் அங்கே முன் சக்கரமும் சேர்ந்து இழுக்காவிட்டால் ஏல மூட்டை இறங்காது, ஆளும் ஏற முடியாது.

இந்த வண்டியின் வம்சம் வில்லிஸ் ஜீப். 1940களின் கடைசியில் மஹிந்திரா வில்லிஸ் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து சி.ஜே. 3பி, சி.ஜே. 500டி, எம்.எம். 540, கமாண்டர் என்று பேர் மாறிக்கொண்டே வந்தது. அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே சாதி. அதனால்தான் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது. அதனாலேயே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டியும் இருக்கிறார்கள். போல்ட் துளை ஒத்துப்போனால் "சேரும்ணே, மாட்டிறலாம்" என்று சொல்லிவிடுவார்கள். மாட்டலாம்தான். ஒத்து ஓடுமா என்பது வேறு விஷயம்.

என் வண்டி சேற்றில் நன்றாகத்தான் ஏறியது. சேறு முடிந்து கெட்டித் தரைக்கு வந்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஃபோர் வீல் லிவரை எடுக்கப் பார்த்தால் அசையாது. ரிவர்ஸில் கொஞ்சம் தள்ளினால் 'டக்' என்று விடும். பழைய டிரைவர்கள் எல்லாரும் "ஜீப்புன்னா அப்படித்தான் தம்பி" என்றார்கள். அதில் பாதி உண்மை. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் இந்த ஜீப்பில் கிடையாது. லிவரைப் போட்டதும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். கெட்டித் தரையில் அது முடியாமல் உள்ளே முறுக்கு ஏறும். அதனால்தான் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதே என்கிறார்கள்.

ஆனால் என் வண்டி நேர் ரோட்டிலேயே இறுகியது. வளைவே இல்லாத இடத்தில் முறுக்கு ஏன் ஏற வேண்டும்? இன்னொரு குறிப்பும் இருந்தது. ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தால், 10 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் ஒன்பதுதான் காட்டும். கேபிள் பழசு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கேபிள் பழசானால் மீட்டர் துடிக்கும், நிற்கும். ஒழுங்காக ஒரே அளவில் குறைத்துக் காட்டாது.

இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரல், ஃபோர் வீல் எடுத்திருக்க வேண்டும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், அது எனக்குக் கண்டிப்பான விதி. ஆக்சிலுக்குப் போகும் நீளக் குழாயான புரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் ஆக்சிலுக்குள் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதற்காகத்தான் இரண்டு சுற்று. வரும் எண்தான் ஆக்சில் ரேஷியோ, இரண்டு சக்கரமும் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. அப்புறம் முன்பக்கமும் இதே மாதிரி.

எனக்குப் பின்பக்கம் ஐந்தாவது சுற்றை முடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சக்கரக் கோடு வந்து நின்றது. முன்பக்கம் ஐந்தைத் தாண்டி, இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போய்த்தான் நின்றது. அடியில் எண்ணிக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவ எண்ணுவோம்" என்றார். மறுபடியும் அதேதான்.

ஜீப் குடும்பத்தில் அதிகம் புழங்கும் ரேஷியோக்களில் இரண்டு இவை. ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் 4.88. கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் 5.38. என் வண்டியில் முன்னால் 5.38, பின்னால் 4.88. முன்னாடி வைத்திருந்தவர்கள் காலத்தில் பின் ஆக்சில் உடைந்து, கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். டூ வீலில் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. ஃபோர் வீல் போட்டால், பின் சக்கரம் 100 மீட்டர் ஓடும் நேரத்தில் முன் சக்கரம் 91 மீட்டர்தான் ஓடப் பார்க்கும். நடை ஒவ்வாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினது மாதிரி. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். கெட்டித் தரையில் விழுங்க வழியில்லை. டயர், கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டு), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி, லோ கியரும் இதில்தான்) எல்லாம் அதைச் சுமக்க வேண்டும். மீட்டர் குறைத்துக் காட்டியதற்கும் காரணம் இதுதான். மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் மாட்டியிருக்கிறது, அதன் பல் 5.38க்குக் கணக்குப் பண்ணி வைத்தது.

சரி, இரண்டில் எதை வைத்துக்கொள்வது? எதை வைத்துக்கொண்டாலும் ஒரு ஆக்சிலைத்தான் மாற்ற வேண்டும். என் டயர் 6.00-16. டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 5.38 என்றால் என்ஜின் சுமார் 2,450 சுற்று ஓடும், 4.88 என்றால் சுமார் 2,220. மதுரைக்கும் தேனிக்குமாக ஓடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு 4.88 போடலாம். சத்தமும் குறையும், டீசலும் கொஞ்சம் மிச்சமாகும். எனக்கு வேலை கல் பாதையில், மூட்டையோடு, லோ கியரில். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.46. அதை 5.38ஆல் பெருக்கினால் 13க்கு மேல் வருகிறது, 4.88ஆல் என்றால் 12. கேட்க ஒன்றுதான் வித்தியாசம். இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் முதல் கியரில் வண்டியை ஊர விடும்போது அந்த ஒன்று தெரியும். போதாததற்குப் பின்னால் இருந்த 4.88 செட் ஏற்கெனவே ஊளையிட்டுக்கொண்டுதான் இருந்தது. முன் ஆக்சிலைத் தொடாமல் பின்னால் 5.38 என்று முடிவானது.

பெரிய டயர் போட்டிருப்பவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 6.00-16க்குப் பதில் 7.00-16 போட்டாலே ரேஷியோ எண் ஏழு சதவீதம் போலக் குறைந்த மாதிரிதான். டயரை மாற்றிவிட்டு "வண்டி இழுக்கலை" என்று டீசல் பம்ப்பையும் நாசிலையும் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரவுன்-பினியன் வாங்குவதில்தான் நிறைய நேரம் போனது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ என்பதால் ஒரே செட் என்று ஆகாது. என் வண்டியில் பின் ஆக்சில் பெரியது, முன்னது சின்னது. கிரவுன் விட்டமே வேறு. அடுத்தது, உள்ளே கிரவுனைத் தாங்கும் கேஸ். பின்பக்கம் வரும் ஸ்பைசர் 44 என்ற ஆக்சில் வகையில் 3.73க்கும் அதற்குக் கீழும் ஒரு கேஸ், 3.92க்கும் அதற்கு மேலும் ஒரு கேஸ். 4.88லிருந்து 5.38க்குப் போக எனக்குப் பழைய கேஸே போதுமானது. பிந்தைய வண்டியின் 3.73 ஆக்சிலை வைத்துக்கொண்டு அதற்குள் 5.38 செட் போட நினைக்கிறவர்கள் கேஸையும் சேர்த்துத் தேட வேண்டும்.

மூன்றாவது, கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பழக்கி வருபவை. ஜோடி எண்ணை இரண்டின் மேலும் பேனாவால் கிறுக்கினது மாதிரி பொறித்திருப்பார்கள். ஒரு கடையில் சீல் பிரிக்காத பெட்டி என்று கொடுத்தார்கள். பிரித்து, எண்ணெய்த் தாளை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் கிரவுனில் 214, பினியனில் 241. கடைக்காரர் தம்பி, "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, அச்சு மாறிப்போச்சு" என்றார். பெட்டியை மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு செட்டை எந்த மெக்கானிக்காலும் சத்தமில்லாமல் உட்கார வைக்க முடியாது.

பழையது வாங்கலாமா என்று கேட்பார்கள். சென்னையில் புதுப்பேட்டை, வடக்கே டெல்லி மாயாபுரி, ஹரியானாவில் மண்டி டப்வாலி, இங்கெல்லாம் ஜீப் பாகம் குவிந்து கிடக்கும். ஆக்சில் ஹவுசிங், நக்கிள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு), டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிக்கூடு, புரொபெல்லர் ஷாஃப்ட் குழாய் இதெல்லாம் பழையது வாங்க எனக்குத் தயக்கமே இல்லை. பழைய வார்ப்பு நன்றாகத்தான் இருக்கும். வெடிப்பு இருக்கிறதா, வெல்டிங் வைத்து மறைத்திருக்கிறார்களா என்று டீசல் ஊற்றிக் கழுவிப் பார்த்தால் போதும். கிரவுன்-பினியன் மட்டும் பழையது என்றால் முழு ஆக்சிலாக, திறக்காமல், கையால் சுற்றிப் பார்த்துத்தான் எடுப்பேன். தனியாகக் கழற்றி மேஜையில் வைத்திருக்கும் செட் வேண்டாம்.

முழு ஆக்சில் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்த ஜீப்பில் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஷாஃப்ட் வெளியே வரும் பக்கமாகத் தள்ளி இருக்கும். பிந்தைய மாடல்களில் நடுவில் உருண்டை உள்ள பின் ஆக்சில்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அகலமும் கிட்டத்தட்ட ஒத்துவரும். மாட்டினால் ஷாஃப்ட் கோணல் போட்டு ஓடும், கிராஸ் அடிக்கடி போகும். ஆக்சில் ஷாஃப்டின் முனையில் வெட்டியிருக்கும் பல்லையும், அதாவது ஸ்பிளைனையும், எண்ணுங்கள். ஸ்பைசர் 44லேயே பழைய ஷாஃப்டில் 10 பல், பிற்காலத்தில் வந்ததில் 19 பல். நீளம் சரியாக இருந்து பல் மாறிப்போனால் திரும்பக் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

செட்டை உட்கார வைக்கும் வேலை நம் கையில் இல்லை, ஆனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: அந்த ஆளிடம் நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் இருக்கிறதா, அதை எடுத்து உபயோகிக்கிறாரா? பேக்லேஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் விடும் இடைவெளி, ஆறு ஏழு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வர வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "கரெக்டா இருக்கு" என்று சொல்கிறவர் வேறு வேலைக்குக் கெட்டிக்காரராக இருக்கலாம். எங்கள் அண்ணன் பல்லில் சிவப்பு லெட் என்ற சாயத்தைத் தடவிச் சுற்றி, எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்தார். முதலில் பல்லின் நுனி ஓரம்தான் பட்டது. பினியனுக்குப் பின்னால் சிம் என்கிற மெல்லிய தகடு ஒன்றைக் கூட்டினார், மறுபடி கோத்தார், மறுபடி தடவினார். பொழுது சாய்ந்து, டார்ச் பிடித்த பையனுக்குக் கை வலித்து, கடைசியில் பல்லின் நடுவில் நீள்வட்டமாகச் சிவப்பு அழிந்து இரும்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சிம்கூட அவர் தொடவில்லை.

பணத்தை எங்கே போடுவது, எங்கே பிடிப்பது என்பதில் எனக்கென்று ஒரு கணக்கு வந்துவிட்டது. பாகத்தின் விலையைப் பார்ப்பதில்லை, அதைத் திரும்பத் தொட எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று பார்க்கிறேன். கியர் பாக்ஸை இறக்கினால்தான் எட்டும் என்றால், அங்கே போடுவது இருப்பதிலேயே நல்லதாக இருக்கட்டும். கிளட்ச் ரிலீஸ் பேரிங் மொத்தச் செலவில் ஒரு சின்னத் தொகை, அதில் மிச்சம் பிடித்தால் மறுபடி பெட்டியை இறக்கும் கூலிக்கே அது காணாது. பினியன் பேரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கும் பினியன் சீல், ஃப்ளைவீல் பைலட் பேரிங் எல்லாம் இந்தச் சாதி. புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் அப்படி இல்லை, நாலு போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஆனாலும் அதில் மட்டமானது வாங்க மாட்டேன், காட்டில் வைத்து உடைந்தால் கூலிக்கும் ஆள் கிடையாது.

கிராஸ் வாங்கும்போது பழையதைக் கழுவிக் கையோடு கொண்டு போங்கள், வெர்னியரும் இருக்கட்டும். கப்பின் விட்டம், எதிரெதிர்க் கப்புகளின் வெளிமுனை நீளம், லாக் வளையம் உள்ளே விழுகிறதா வெளியேயா, மூன்றும் ஒத்துவந்தால் பெட்டியின் மேல் எந்த வண்டிப் பேர் போட்டிருந்தாலும் கவலையில்லை. ஸ்பைசர் பெட்டி என்று போலியும் கலந்து விற்கிறார்கள். அச்செழுத்து மங்கலாக இருந்தாலோ, கப்புக்குள் ஊசிகள் ஒழுங்கில்லாமல் நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிடுவேன். நான் கிரீஸ் நிப்பிள் உள்ளதைத்தான் எடுப்பது. ஓடையில் அச்சளவு தண்ணீரில் இறங்கி வந்த பிறகு புதுக் கிரீஸ் அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளலாம். மாட்டும்போது ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் நிற்க வேண்டும். ஸ்லைடிங் பகுதியை ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் வண்டி உதறும், அப்புறம் வீல் பேலன்ஸிங்கில் பணம் கொட்டிக்கொண்டிருப்போம்.

பேரிங்கில் வண்டிப் பேரே தேவையில்லை. பழையதைத் துடைத்து, ஓரத்தில் பொறித்த எண்ணைப் படித்துக்கொண்டு போய் பேரிங் கடையில் கேளுங்கள், ஜீப் கடையில் வேண்டாம். வில்லிஸ் காலத்துச் சக்கர பேரிங் 18590, அதன் கப் 18520. அந்த எண்ணைச் சொன்னால் இன்றைக்கும் நல்ல கம்பெனி சரக்கு எடுத்துப் போடுவார்கள். உங்கள் வண்டியில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள், நான் எழுதியதை இல்லை. கோனும் கப்பும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலும் அப்படித்தான், உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அதிலேயே இருக்கும். ஆனால் ஃப்ளேன்ஜில் சீல் உரசி ஓடும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. அந்த ஃப்ளேன்ஜை லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் ஃப்ளேன்ஜை மாற்ற வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் நாங்கள் பெரிதாகக் கை வைக்கவில்லை. இந்த வகையில் முழுக்கப் பல்சக்கரம்தான், செயின் கிடையாது, அதனால் ஆயுசு கெட்டி. தேய்வது நடு ஷாஃப்டும் அதன் மேல் ஓடும் ஊசி பேரிங்கும்தான். அது தேய்ந்தால் எல்லாக் கியரிலும் ஒரு முனகல் கேட்கும், ஷாஃப்ட் நுனி வழியாக எண்ணெயும் கசியும். ஷாஃப்ட், ஊசிகள், த்ரஸ்ட் வாஷர் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கேஸிலேயே ஷாஃப்ட் துளை பெருத்துப்போயிருந்தால் புது ஷாஃப்ட் போட்டும் பயனில்லை, அந்த இடத்தில்தான் பழைய வெளிக்கூடு தேடிப் புதுப்பேட்டைக்குப் போக வேண்டிவரும். ஃபோர் வீல் லிவர் தானாக நழுவுவதற்குப் பல சமயம் காரணம் அதை இடத்தில் பிடித்து வைக்கும் வெறும் ஸ்பிரிங்கும் குண்டும். பெட்டியைப் பிரிக்கும் முன்னால் அதைப் பாருங்கள், சல்லிக் காசு வேலை.

எண்ணெயில் ஒரு விஷயம் மட்டும். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 தரத்தில் 90 எண் எண்ணெய். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4. ஒரே டப்பாவை இரண்டிலும் ஊற்றிவிடுவது பட்டறைகளில் வழக்கம், ஜி.எல்.-5இல் இருக்கும் கந்தகச் சேர்க்கை சூட்டில் பித்தளையை அரிக்கும் என்பதால் நான் இரண்டு டப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுவேன். புது கிரவுன் போட்ட பிறகு 500 கிலோமீட்டருக்குள் எண்ணெயை இறக்கி மாற்றினோம். டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை மாதிரிப் படிந்திருந்தது. அது இருக்கத்தான் செய்யும். விரலில் தேய்த்தால் மாவாக இருக்கிறதா, குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தினால் வண்டியை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றுங்கள்.

இப்போது நேர் ரோட்டில் ஃபோர் வீல் லிவர் இரண்டு விரலில் வந்துவிடுகிறது. மீட்டரும் கல்லும் ஒத்துப்போகின்றன. அடுத்து முன் சக்கரத்துக்கு லாக் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடவும் கையால் திருகும் மூடி) போடச் சொல்கிறார்கள். போட்டால் டூ வீலில் ஓடும்போது முன் ஷாஃப்டும் கிரவுனும் சும்மா சுற்றாது, தேய்மானம் குறையும் என்பது வாஸ்தவம். ஆனால் மழையில் இறங்கி, சேற்றில் நின்று, இரண்டு பக்கமும் திருக வேண்டும். எங்கள் பாதையில் சேறு எங்கே ஆரம்பிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, டிரைவரும் அதற்கென்று இறங்க மாட்டார். இப்போதைக்கு அந்தக் காசுக்கு முன் ஆக்சிலின் நக்கிள் சீலை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.